கைக்கு எட்டாத கம்பி

அத்தியாயம் பதினான்கு

ஷெட்டில் நிற்கும் காரின் டேஷ்போர்டைக் கழற்றாமல் இனி ஒரு வேலையும் நகராது என்று, வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் வயர்காரர் நேற்றே சொல்லிவிட்டார். யாரிடம் சொன்னார் என்றால், சுவரிடம்.

இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரம் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மருமகள் காதில் விழ வேண்டிய எதையும் அவர் மருமகளிடம் சொல்வதில்லை. "இந்த வீட்ல டீ உண்டான்னு கேளு" என்று இளைய மகன் சின்னவனிடம் சொல்வார். சின்னவன் வெளியே போயிருந்தால் மின்விசிறியைப் பார்த்துச் சொல்வார். அவள் டீயைக் கொண்டுவந்து வைப்பாள். மின்விசிறி கொண்டுவந்து வைத்ததாக நினைத்துக்கொண்டு எடுத்துக் குடிப்பார்.

மூத்த மகன் பெரியவன், அவள் கணவன், போனதிலிருந்து இப்படித்தான். இரண்டு வருடமாகிறது.

அன்றைக்கு நல்ல மழை. இதே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவன், சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். அந்த நேரத்தில் அவன் காதில் மனைவியின் போன் இருந்தது. வரும்போது ரொட்டி வாங்கி வர முடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். அவன் "சொல்லு" என்றான். அவள் சொல்ல ஆரம்பிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லாரிக்குப் பின்விளக்கு எரியவில்லை. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. லாரி என்ன இந்த வீட்டிலா இருக்கிறது, தினமும் பார்த்துப் பேச? வீட்டில் இருப்பவள் மருமகள்.

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. நான் பாத்த வண்டி" என்பார் வயர்காரர், வந்தவர் போனவரிடமெல்லாம். மிச்சத்தைச் சொல்ல மாட்டார். சொல்லவும் தேவையில்லை. வண்டியில் குற்றம் இல்லையென்றால் வேறு எதில் இருக்கும் என்று கேட்பவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஒரே ஒருமுறை, அவளைக் கூட்டிப்போக வந்த அவள் அண்ணனிடம் மட்டும், நாலு பேர் முன்னிலையில் நேராகவே சொல்லிவிட்டார். "உன் தங்கச்சி ஒரு நிமிஷம் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா என் பையன் இருந்திருப்பான்." அண்ணன் அதற்குப் பிறகு இந்த வாசல்படி ஏறவில்லை. அவளும் அவனோடு போகவில்லை. போனால் ஆமாம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

காவல் நிலையத்து முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டி போன மாதம்தான் வீடு வந்து சேர்ந்தது. அதை முன்பு இருந்த மாதிரியே ஓட வைப்பது என்று வயர்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். சின்னவனுக்கு டிங்கர் வேலை. நசுங்கிய தகடு எதுவானாலும் தட்டி நிமிர்த்துவான். அப்பா சொன்னார் என்பதற்காகச் செய்கிறான்.

அவளும் கூடமாட உதவுகிறாள். அவளுடைய காரணம் வேறு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இந்த வண்டிக்குள் எங்காவது ஒரு கோளாறு இருக்க வேண்டும் என்பதுதான் அவள் வேண்டுதல். ஒரு சின்னக் கோளாறு போதும். பிரேக்கில் இருக்கும் என்று நினைத்தாள். பிரித்துப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. ஸ்டியரிங் கழன்றது, அதுவும் ஒழுங்கு. ஒவ்வொரு பாகமும் வெளியே வரும்போது வயர்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பாத்தியா, சுத்தமா இருக்கு" என்பார். ஒவ்வொரு தடவையும் அவள் அடுத்த பாகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள்.

போன வாரம் சின்னவன் வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டான். விபத்துக்குச் சில நாள் முன்னால் அப்பா அந்த வண்டியில் வைப்பர் மோட்டாரைக் கழற்றி மாட்டினாராம். உள்ளே ஒரு இரும்புக் கை, மோட்டாரோடு கோத்திருக்கும். அது கழன்றிருந்தால் மழையில் வைப்பர் அப்படியே நின்றுவிடும், எதிரில் யானை நின்றாலும் தெரியாது, போன் பேசினாலும் பேசாவிட்டாலும்.

அவன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் ஒரு வாரமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

*

காலையில் வயர்காரர் தன் மனைவியை, அவளுடைய அத்தையை, முழங்கால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஷெட் வாசலில் நின்று சின்னவனுக்குப் பாடம் நடந்தது.

"ஆஷ்ட்ரேவை உருவிட்டுப் பாரு, பின்னாடி ஒரு ஸ்க்ரூ இருக்கும். கடிகாரத்துக்கு அடியில இன்னொண்ணு. தெரியாம புடிச்சு இழுத்த, டேஷ்போர்டு ரெண்டா ஒடஞ்சுடும். பழைய பிளாஸ்டிக்கு, வரட்டியா காஞ்சு கெடக்கு."

"சரிப்பா."

"மீட்டர் கேபிளை மொதல்ல கழட்டு. அது பின்னாடி நட்டு போட்டு மாட்டியிருக்கும். அதைக் கழட்டாம மீட்டர் வராது."

"சரிப்பா, போயிட்டு வாங்க."

"எல்லாத்துக்கும் சரி. தலையை மட்டும் ஆட்டு."

ஆட்டோ அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. சின்னவன் தலையையும் ஆட்டவில்லை, கையையும் ஆட்ட முடியவில்லை. முன்சீட்டைக் கழற்றி முற்றத்தில் போட்டுவிட்டு, தரைத்தகட்டில் மல்லாந்து படுத்து, ஸ்டியரிங் கம்பத்துக்கு அடியில் தலையை விட்டு, கையை மேலே நீட்டிப் பார்த்தான். மணிக்கட்டு வரை போனது. அதற்குமேல் ஏசி பெட்டி தடுத்தது. அந்தப் பக்கமாக, இந்தப் பக்கமாக, கையைத் திருப்பிப் போட்டு எல்லாம் பார்த்தான். புறங்கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"சம்மட்டி புடிக்கற கைக்கு இதெல்லாம் ஆகாது அண்ணி" என்று வெளியே வந்தான். "நீங்க ஒரு தடவை பாக்கறீங்களா? உங்க கை போயிடும்."

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணாடியை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்ப்பதும், கண்ணுக்குத் தெரியாத திருகாணியை மாட்டுவதும் அவள் பொறுப்பு. விரலால் பார்க்கிற வேலை. கடைக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

வண்டிக்குள் மட்கிய வாடை அடித்தது. இந்த இடத்தில்தான் அவன் கால் வைத்திருப்பான் என்று தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டுக் கையை மேலே விட்டாள்.

"ஏசி பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவுல போங்க. வயர் கட்டு ஒண்ணு வரும். அதைத் தாண்டி மேல, உருண்டையா ஒரு நட்டு" என்றான் சின்னவன், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு. டார்ச்சால் பயன் ஒன்றுமில்லை. அவள் கையே வெளிச்சத்தை மறைத்தது.

"வயர் கட்டு வந்துடுச்சு."

"அதுக்கு மேல."

"இருக்கு. சொரசொரன்னு ஒரு நட்டு."

"அதேதான். எதிர்ப்பக்கமா திருப்புங்க. விரல் நுனியால."

நட் முதலில் அசையவில்லை. பிறகு மனசு வந்த மாதிரி நகர்ந்தது. கேபிள் கழன்று அவள் முழங்கை மேல் விழுந்தது. கையை இழுக்கும்போது புறங்கையில் வேறு ஏதோ இடித்தது. இரும்புக் கை ஒன்று. அதன் முனையில் கம்பி.

அவள் கை அப்படியே நின்றது.

"என்னாச்சு அண்ணி? மாட்டிக்கிச்சா?"

"தம்பி, இங்க பக்கத்துல ஒரு கை மாதிரி இருக்கே, மோட்டாரோட சேந்து. அது என்னது?"

அவன் டார்ச்சைத் தாழ்த்தினான். "அது வைப்பரோடது" என்றான் பிறகு. "விடுங்க, கையை எடுங்க."

அவள் எடுக்கவில்லை. விரலைத் திருப்பித் தடவினாள். முனையில் ஒரு சின்ன வளையம், லாக் கிளிப், இடத்தில் இருந்தது. அதற்கு வெளியே, துளைக்குள் கோத்து, செம்புக் கம்பி சுற்றியிருந்தது. மூன்று முறுக்கு. முறுக்கிய முனை உள்பக்கம் மடித்து அழுத்தியிருந்தது.

இந்தக் கட்டை அவளுக்குத் தெரியாதா? கேட் கொண்டியில் இதே கட்டு. துணி காயப்போடும் கயிற்றில் இதே கட்டு. மிக்ஸி வயரில், சிலிண்டர் டியூபில், கல்யாணமான புதிதில் அவள் செருப்பு வாரிலும்கூட ஒருமுறை. கம்பெனிக்காரன் கொடுக்கிற கிளிப்பை வயர்காரர் நம்புவதே இல்லை. "அவன் மாட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவான், நாமதானே ஓட்டணும்" என்று மேலே ஒரு கம்பியும் கட்டுவார். முனையை மடிக்காமல் விடமாட்டார். மடிக்காவிட்டால் அடுத்து கை வைக்கிறவனுக்குக் கிழித்துவிடும் என்பார்.

இப்போது கை வைத்தவள் அவள். கிழிக்கவில்லை.

"கிளிப் இருக்கு தம்பி" என்றாள். "கம்பியும் கட்டியிருக்காரு."

"நல்லாப் பாருங்க. தளர்ந்து இருக்கலாம்."

"அசையல."

"ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்."

இழுத்துப் பார்த்தாள். மாமனார் கட்டிய கட்டு. எங்கே அசையும்?

வெளியே வந்து உட்கார்ந்து, தூசியைத் தட்டிக்கொண்டாள். சின்னவன் டார்ச்சை அணைக்க மறந்து தரையைப் பார்த்து நின்றான். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் எதிர்பார்ப்பு மிச்சம் இருக்க வேண்டும். வைப்பர் நன்றாக ஓடியிருக்கிறது. பிரேக் நன்றாக இருந்திருக்கிறது. எல்லாம் நன்றாக இருந்த வண்டியில் நன்றாக இல்லாதது ஒரே ஒரு போன்.

"மிச்சத்தை நீ பாத்துக்கோ" என்றாள். "எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

"அண்ணி."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டுப் போங்க."

அவள் வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போனாள்.

*

கடையில் அன்றைக்கு ஒரு கண்ணாடியை உடைத்தாள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது. இன்னொரு கண்ணாடியை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். சக்கரம் சுற்றிய சத்தத்தில் மத்தியானம் முழுக்க ஓடிவிட்டது.

அண்ணனுக்குப் போன் பண்ணி வந்து கூட்டிப் போகச் சொல்லலாம். ஒப்புக்கொண்ட மாதிரி ஆகட்டும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் இனி. ஆனால் போனைக் கையில் எடுக்க வேண்டுமே. எடுத்தால் அவனும் "சொல்லு" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லி ஆரம்பிப்பான். உலகத்தில் எல்லோரும் அதைச் சொல்லித்தானே போன் எடுக்கிறார்கள்?

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது ஷெட்டில் வெளிச்சம் இருந்தது. சத்தம் இல்லை.

முற்றத்தில் கிடந்த சீட்டின்மேல் வயர்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் வைப்பர் மோட்டார், அதன் கம்பிக் கைகளோடு. ஒரு கை தனியாகத் தொங்கியது. பக்கத்தில் டேஷ்போர்டு முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் தரையில் கிடந்தது. சின்னவன் தள்ளி நின்று, ஏற்கெனவே துடைத்த கையைத் திரும்பத் திரும்பத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி" என்றான் அவளைப் பார்த்ததும். குரல் ஒப்பித்த மாதிரி இருந்தது. "வைப்பர்ல கிளிப்பே இல்ல. கம்பியும் கட்டல. கை கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. நான் டேஷ்போர்டைத் தூக்கினதும் பாத்தேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். தயவுசெய்து என்று கண்ணால் கெஞ்சினான்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொய் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், உள்ளுக்குள் ஏதோ ஒன்று பாரத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விட்டது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தோள் இறங்கியது. அந்தச் சுகம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனால் வந்தது. அதை அவளால் பிற்பாடும் மறுக்க முடியவில்லை.

"எனக்கு நெனப்பு வருது" என்றார் வயர்காரர்.

யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை. மோட்டாரைப் பார்த்துச் சொன்னார்.

"கிளிப்பைக் கையில வெச்சிருந்தேன். வாசல்ல யாரோ ஹாரன் அடிச்சாங்க. எந்திரிச்சுப் போனேன். கிளிப்பை எங்கயோ வெச்சுட்டுத்தான் போயிருக்கணும். திரும்பி வந்து, மாட்டியாச்சுன்னு நெனச்சு மூடிட்டேன். ஆமா. கட்டல. நல்லா நெனப்பு வருது."

நடக்காத ஒன்றை மனுஷன் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தம்கூடக் கேட்டிருந்தது அவருக்கு.

சின்னவன் துணியைக் கீழே போட்டான். "அப்பா, கிளிப் தானாக்கூடக் கழண்டிருக்கலாம். கம்பெனிக்காரன் போடற கிளிப்பு..."

"கம்பி நான் கட்டறது. கம்பெனிக்காரனா வந்து கட்டுவான்?"

*

அவள் சமையலறைக்குப் போவது போலப் போய், சின்னவனைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"ஏன் இப்படிப் பண்ண?"

"கத்தாதீங்க அண்ணி."

"நான் கத்தல. ஏன் பண்ணினேன்னு கேக்கறேன்."

"காலையில உங்க மூஞ்சியைப் பாத்தேன்" என்றான். "நீங்க இன்னும் எவ்வளவு காலம் இருக்கணும்? இதை நெனச்சுக்கிட்டே கெழவி ஆகணுமா? அவரு அப்பா. எப்பவும் போல அந்தக் கிளிப் செஞ்சவனை நாலு திட்டு திட்டிட்டு விட்டுடுவாருன்னு நெனச்சேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுவாரு, அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"அப்போ கிளிப்பை மட்டும் எடுத்திருக்கணும். கம்பியை ஏன் வெட்டின?"

"கம்பி இருந்தா கை கழண்டிருக்காதே அண்ணி."

அவன் சொன்னது சரிதான். தொழில்காரனாக யோசித்தான், ஒழுங்காகச் செய்தான். மகனாக யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. அவள் என்ன சொல்லித் திட்டுவது? அவளுக்காகச் செய்தவனை அவள் எப்படித் திட்டுவது?

"போய் உண்மையைச் சொல்லு."

"சொன்னா மறுபடியும் உங்க தலையில வந்து விழும்."

"விழட்டும். எனக்குப் பழகிடுச்சு. அவருக்குப் பழக்கமில்ல."

அவன் நகரவில்லை. முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மீட்டர் கேபிளைக் கழட்டினது யாரு?"

இரண்டு பேரும் போனார்கள். வயர்காரர் எழுந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் நட்டைக் கையில் வைத்திருந்தார்.

"இது உன் கைக்கு எட்டாதுடா" என்றார் சின்னவனிடம். பிறகு திரும்பினார். சுவரை நோக்கியும் இல்லை, மின்விசிறியை நோக்கியும் இல்லை. நேராக அவளைப் பார்த்தார். அவர் கண் இவ்வளவு பழுப்பாக இருக்கும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"நீதானம்மா கை விட்ட?"

"ஆமா மாமா."

"வைப்பர் கை பக்கத்துலதான் இருக்கும். இடிச்சிருக்குமே. கம்பி இருந்துச்சா?"

சின்னவன் மூச்சை இழுத்துப் பிடித்தது அவளுக்குக் கேட்டது.

இல்லை என்றால் போதும். அவள் வாழ்க்கை அவளுக்குத் திரும்பி வரும். அண்ணன் வாசல்படி ஏறுவான். ரொட்டிக்காக ஒருவனைக் கொன்றவள் என்று நடுத்தூக்கத்தில் எழுந்து உட்கார வேண்டாம். தூக்கம் கெட்டாலும் கெடட்டும், கம்பி இல்லை என்பது பொய் என்று அவளுக்குத் தெரியுமே. மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் போதாதா?

எதிரே நின்ற மனிதர் கேபிள் நட்டை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"இருந்துச்சு மாமா" என்றாள். "கிளிப்பும் இருந்துச்சு, கம்பியும் இருந்துச்சு. மூணு முறுக்கு. முனையை உள்ளே மடிச்சிருந்தீங்க. இழுத்துப் பாத்தேன், அசையல. நீங்க ஒண்ணும் மறக்கல."

வயர்காரர் அவளைப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் இளகியது. இளகியதும் அவளுக்குப் பயம் வந்தது.

"என்னைக் காப்பாத்தப் பாக்கறியா?" என்றார்.

"இல்ல மாமா. நெஜமாத்தான் சொல்றேன்."

"மூணு முறுக்கு, ஒரு மடிப்பு. இந்த வீட்ல எதைத் தொட்டாலும் அதுதானம்மா இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு யாரும் சொல்லலாம்."

"அப்பா, அண்ணி சொல்றது உண்மை." சின்னவன் குறுக்கே வந்தான். "நான்தான் வெட்டினேன். மத்தியானம், நீங்க வர்றதுக்கு முன்னாடி. கட்டரால வெட்டி, கிளிப்பையும் உருவினேன். வேணும்னுதான் பண்ணேன்."

"எங்க?"

"என்னது?"

"வெட்டின கம்பி. காட்டு."

சின்னவன் குனிந்தான். குனிந்தவன் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஷெட்டின் தரை முழுக்க வெட்டிய கம்பி கிடந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடிய ஒவ்வொரு வயர் கட்டையும் வயர்காரர் செம்புக் கம்பியால்தான் கட்டியிருந்தார். டேஷ்போர்டைத் தூக்குவதற்காகச் சின்னவன் ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டிருந்தான். எல்லாத் துண்டிலும் மூன்று முறுக்கு. எல்லாத் துண்டிலும் முனை மடிப்பு. ஒன்றை எடுத்தான், வெளிச்சத்தில் பார்த்தான், போட்டான். இன்னொன்றை எடுத்தான். கருவிப் பெட்டியைக் கவிழ்த்தான். கிளிப் விழுந்தது, கூடவே அதே அளவில் வேறு இரண்டு கிளிப்புகளும் விழுந்தன.

"இதுதான்" என்று ஒரு துண்டை நீட்டினான். சொல்லும்போதே அவனுக்கே நிச்சயமில்லை.

வயர்காரர் அதை வாங்கிப் பார்த்தார். வைப்பர் கையின் துளையையும் பார்த்தார். செம்பு மெத்தென்ற உலோகம், இரும்பில் தடம் விடாது. அது அவருக்குத் தெரியாதது அல்ல.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்க" என்றார். கோபமில்லை. தட்டிக்கொடுப்பது போலச் சொன்னார். "பின்வாசல்ல பேசினது எனக்குக் கேட்டுச்சு. என்ன பேசினீங்கன்னு கேக்கல. ஆனா புரியுது."

"மாமா, சத்தியமா..."

"நான் உன்னை என்ன பாடு படுத்தியிருக்கேன். ஒரு வாய் தண்ணி குடுன்னு உன்னைக் கேட்டதில்ல. அந்த எனக்காகப் பழியை மறுபடி தலையில எடுத்து வெச்சுக்கறேங்கற." கையிலிருந்த கம்பித் துண்டைக் கீழே வைத்தார். "நாளைக்கு உங்க அண்ணனை வரச் சொல்லும்மா. அன்னிக்கு இருந்த நாலு பேரையும் கூப்பிடறேன். அவங்க முன்னாடியே சொல்லிடறேன்."

அவள் இரண்டு வருடமாக ஏங்கிய வார்த்தைகள்தான் அவை. ஒன்று குறையாமல் கிடைத்துவிட்டன. வேண்டாம் என்று திருப்பித் தரப் பார்த்தாள், வாங்கிக்கொள்ள அவர் தயாராக இல்லை. அவர் மனசில் அவள் இப்போது தெய்வம். தெய்வம் சொல்வதை யார் நம்புவார்கள்?

வயர்காரர் மோட்டாரைச் சீட்டின்மேல் வைத்தார். குழாயில் கை கழுவினார். விரல் இடுக்கில் கிரீஸ் போகிற வரைக்கும் நிதானமாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குள் நடந்தார்.

அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள். "அத்தைகிட்ட இப்ப வேணாம் மாமா. காலையில பேசிக்கலாம். அவங்களுக்கு ஏற்கெனவே கால் வலி."

"அவளுக்குத்தாம்மா மொதல்ல தெரியணும். அவ பெத்தவ."

அவளை ஒதுக்கிவிட்டுப் போனார். கட்டிலில் அத்தை புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. "என்னங்க, அங்க என்ன பேச்சு?" என்று கேட்டாள். அவர் கதவைச் சாத்தினார்.

சின்னவன் ஷெட்டில் இன்னும் முழங்காலிட்டுக் கம்பித் துண்டுகளைத் துழாவிக்கொண்டிருந்தான். அவள் கதவின்மேல் கையை வைத்து நின்றாள். தட்டி என்ன சொல்வது? உண்மையைத்தான் சொல்லியாயிற்றே.

உள்ளே அவர் குரல் தணிவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டது. மழை என்பது கேட்டது. ஹாரன் என்பது கேட்டது. அப்புறம் குரல் நின்றது.

அத்தை ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"நீங்களா?"